நாய்க்குட்டிக்கு ட்ரை ஃபுட் வாங்கும் முன்: கோத்தகிரி தீவனக் கடையிலிருந்து

“அக்கா, எந்தக் கம்பெனி நல்லது?” என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “குட்டி வளர்ந்தா எத்தனை கிலோ வரும்?”

அப்பா காலத்திலிருந்து நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் தவிடு, புண்ணாக்கு, மாட்டுத் தீவனம் விற்கிற கடை எங்களுடையது. நாய் உணவு பிற்பாடு வந்து சேர்ந்தது. இப்போது கடையில் பாதி இடம் அதற்குத்தான். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருகிறவர், ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வருகிற கேரட் விவசாயி, ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் முதலில் இந்தக் கேள்விதான். கம்பெனி பெயரெல்லாம் அதற்கப்புறம்.

காரணம் எலும்பு. பக் என்ற சின்ன ரகக் குட்டி ஏழெட்டுக் கிலோவில் நின்றுவிடும். பத்து மாதத்தில் வளர்ச்சி முடிந்தது. லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் முப்பது கிலோவைத் தொடும். எலும்பு முற்ற ஒன்றேகால் வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். ராஜபாளையமும் பெரிய நாய்தான். கிரேட் டேன் மாதிரி ராட்சத ரகம் என்றால் இரண்டு வருடம். கண் திறந்த குட்டியாக எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் இவற்றின் தேவை ஒன்றல்ல. “பப்பி” என்று எழுதியிருந்தால் போதும் என்று பையை எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் நிறுத்திப் பேசுவது இதற்காகத்தான்.

பெரிய ரகக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். வளர்ந்த நாய்க்குக் கால்சியம் தேவைக்கு மேல் போனால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கு உடம்புக்குள் போய்விடும். அந்த மிச்சம் எலும்பும் குருத்தெலும்பும் உருவாகிற முறையைக் குலைக்கிறது. குட்டி நொண்டும், கால் கோணும், மூட்டு தேயும். சின்ன ரகங்களுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. அதனால்தான் வளர்ந்தால் 25 கிலோவுக்கு மேல் போகும் என்று தெரிந்த குட்டிக்கு “லார்ஜ் ப்ரீட் பப்பி” என்றோ “மேக்ஸி பப்பி” என்றோ எழுதிய பையைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். விலை கொஞ்சம் கூடத்தான். கையில் பணம் குறைவாக இருந்தால் வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்க வேண்டாம்.

நாட்டு நாய்க்குட்டி, அல்லது அப்பன் யாரென்று தெரியாத கிராஸ் என்றால்? அம்மாவைப் பாருங்கள். நம் பக்கத்து நாட்டு நாய் பெரும்பாலும் பதினைந்து, இருபது கிலோவில் நிற்கும். அதற்குச் சாதாரணப் பப்பி உணவே போதும். அப்பன் ஜெர்மன் ஷெப்பர்டோ என்று சந்தேகம் இருந்தால் பெரிய ரக உணவையே வாங்குங்கள். சின்னதாக வளரப் போகிற குட்டிக்குப் பெரிய ரக உணவு கெடுதல் செய்யாது.

பையின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பளபளக்கும் நாய்ப் படம், கோழிக்கால், கேரட், பட்டாணி எல்லாம் இருக்கும். அதைப் பார்க்க வேண்டாம், திருப்புங்கள். நான் முதலில் தேடுவது ஒரு வாக்கியம். வளரும் குட்டிக்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்க வேண்டும். “கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு” என்பார்கள்; கூடவே “க்ரோத்” என்றோ “ஆல் லைஃப் ஸ்டேஜஸ்” என்றோ இருக்க வேண்டும். “மெயின்டனன்ஸ்” என்று மட்டும் இருந்தால் அது வளர்ந்த நாய்க்கானது. “காம்ப்ளிமென்டரி” என்றோ “ட்ரீட்” என்றோ இருந்தால் அது தின்பண்டம், சாப்பாடு ஆகாது. வெளிநாட்டுப் பைகளில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: வளர்ந்தால் 70 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 32 கிலோவுக்கு மேல் போகும் நாய்களின் வளர்ச்சிக்கும் பொருந்தும், அல்லது பொருந்தாது என்று. ஷெப்பர்ட் வைத்திருப்பவர்கள் அந்த வரியைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது எண்கள். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வைத்திருக்கும் அளவைத்தான் நிறையக் கம்பெனிகள் கையாளுகின்றன. வளரும் குட்டிக்குப் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5 சதவீதம். வளர்ந்த நாய்க்கு இதுவே 18, 5.5 போதும். கால்சியம் குட்டிக்குக் குறைந்தது 1.2 சதவீதம் வேண்டும், 2.5ஐத் தாண்டக் கூடாது. பெரிய ரகமாக இருந்தால் உச்சவரம்பு 1.8தான். பாஸ்பரஸ் குறைந்தது 1 சதவீதம். பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறையக் கூடாது, இரண்டு மடங்குக்கு மேலும் போகக் கூடாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த அளவுகள் எல்லாம் ஈரத்தைக் கழித்த பிறகு உள்ள உலர்ந்த பொருளுக்கானவை. பையில் போட்டிருப்பது ஈரத்தோடு சேர்த்த அளவு. ட்ரை ஃபுட்டில் ஈரம் பெரும்பாலும் 10 சதவீதம் வரை இருக்கும். அதனால் பையில் உள்ள எண்ணை 0.9ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பையில் புரதம் 24 என்று இருந்தால் உண்மையில் 26.7. கால்சியம் 1.5 என்று இருந்தால் 1.67, பெரிய ரகத்துக்கும் வரம்புக்குள் வந்துவிட்டது. கால்சியம் எவ்வளவு என்றே போடாத பைகளும் உண்டு. அப்படியென்றால் பையிலுள்ள வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், குறைந்தபட்சம் மட்டும் போதாது, அதிகபட்சத்தையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கம்பெனியின் பெரிய ரகப் பப்பி உணவை நான் ஸ்டாக் வைப்பதில்லை.

புரதம் 30, 32 என்று இருந்தால் எலும்பு வேகமாக வளர்ந்து கோணிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பழைய நம்பிக்கை. மூட்டைக் கெடுப்பது கூடுதல் கால்சியமும், அளவுக்கு மீறிய மொத்தத் தீனியும்தான். புரதத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை.

மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் இருப்பதுதான் அதிகம் போனது. ஆனால் “சிக்கன்” என்று முதலில் இருந்தால் அதில் முக்கால்வாசி தண்ணீர் எடை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். “சிக்கன் மீல்” என்பது ஈரம் எடுத்த கோழி. வரிசையில் கொஞ்சம் கீழே இருந்தாலும் உண்மையில் அதிகப் புரதம் கொடுக்கலாம். மக்காச்சோளம், அரிசி, கோதுமை இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேகவைத்த மாவுச்சத்தை நாய் நன்றாகவே செரித்துக்கொள்ளும். தானியமே இல்லாத “கிரெய்ன் ஃப்ரீ” பைகளைப் பெரிய விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. பட்டாணி, பருப்பு வகைகள் நிறைய சேர்ந்த அந்த மாதிரி உணவுக்கும் நாய்களின் இதயத் தசை பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018ல் ஆராய ஆரம்பித்தது. உறுதியான முடிவு எதுவும் வரவில்லை. குட்டிக்குத் தானியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லாத வரைக்கும் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

பச்சைப் புள்ளி போட்ட சைவ நாய் உணவும் கேட்கிறார்கள். வளர்ந்த நாய்க்கு, சரியாகச் செய்ததாக இருந்தால், அதில் காலம் தள்ளலாம். வளர்கிற குட்டிக்கு நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். வீட்டில் முட்டைகூட நுழையாது என்கிறவர்களுக்கும் கறி சேர்ந்த சாதாரணப் பப்பி உணவுப் பை முட்டையைவிடச் சௌகரியம்தானே என்று சொல்லிப் பார்ப்பேன். சமைக்க வேண்டாம், பாத்திரம் கலக்க வேண்டாம், வாசலிலேயே வைத்துக் கொடுக்கலாம்.

கால்சியம் சிரப்

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். குட்டி வாங்கியவுடன் கையோடு ஒரு கால்சியம் சிரப்பும் வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்னால் குட்டிகள் பால் சோறும் பிஸ்கட்டும் எலும்பில்லாத கறித்துண்டும் தின்று வளர்ந்தன. சோற்றிலும் கறியிலும் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவியது. கால் வளைந்து, கொஞ்சம் குதித்தாலே எலும்பு முறிகிற குட்டிகளைப் பார்த்தவர்கள் சிரப் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது சரி.

இப்போது குட்டி தின்பது முழுமையான பப்பி உணவு. அதில் கால்சியம் அளந்து போட்டிருக்கிறது. அதன் மேல் சிரப் ஊற்றினால் முன்னால் சொன்ன ஆபத்தை நாமே கூப்பிடுகிறோம். பெரிய ரகக் குட்டி பப்பி உணவு தின்கிறது என்றால், டாக்டர் சீட்டு இல்லாமல் கால்சியம் சிரப் நான் விற்பதில்லை. “காது இன்னும் நிமிரலை அக்கா, கால்சியம் குறைச்சலா இருக்கும்” என்று ஷெப்பர்ட் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பல் விழுந்து முளைக்கிற நாலாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம் வரை காது நிமிர்வதும் மடங்குவதுமாக இருப்பது சகஜம். அதற்குச் சிரப் தேவையில்லை.

அதே நியாயம்தான் சோறு கலப்பதற்கும். பப்பி உணவு பாதி, சோறு பாதி என்று போட்டால் அளந்து வைத்த அத்தனை கணக்கும் பாதியாகிவிடும். மேலே கொஞ்சம் முட்டை, இரண்டு துண்டு வேகவைத்த கோழி என்றால் பரவாயில்லை. நாள் முழுக்கச் சேர்த்தும் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். விலை உயர்ந்த பை வாங்கிச் சோற்றைக் கலந்து நீட்டுவதைவிட, விலை குறைந்த ஆனால் முழுமையான பப்பி உணவை வாங்கி அதையே முழுசாகப் போடுவது குட்டிக்கு நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுக்க வாங்கிப் போட முடியாத வீடு என்றால் முதல் ஆறு மாதத்துக்கு மட்டுமாவது முயற்சி செய்யுங்கள், அதுதான் வளர்ச்சி வேகமாக இருக்கும் காலம். அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறும்போது என்னென்ன எவ்வளவு என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு போடுவது

பையில் அட்டவணை இருக்கும். அதில் ஆரம்பிக்கலாம், அதிலேயே நின்றுவிட வேண்டாம். சில அட்டவணைகள் குட்டியின் இன்றைய எடையைக் கேட்கும், சில வளர்ந்தபின் வரப்போகும் எடையைக் கேட்கும். இதை மாற்றிப் படித்து இரண்டு மடங்கு போடுகிறவர்கள் நிறைய.

நீங்களே கணக்குப் போடவும் வழி இருக்கிறது. போன் கால்குலேட்டர் போதும். குட்டியின் எடையை அதே எடையால் இரண்டு தடவை பெருக்குங்கள். வந்ததற்கு வர்க்கமூலம், அதற்கு இன்னொரு வர்க்கமூலம். அதை 70ஆல் பெருக்கினால் குட்டி சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு எத்தனை கிலோகலோரி வேண்டும் என்று வரும். நாலு மாதம் வரை அதில் மூன்று மடங்கு, அதற்குப் பிறகு இரண்டு மடங்கு. இரண்டு மாத லாப் குட்டி 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 5ஆல் இரண்டு தடவை பெருக்கினால் 125. இரண்டு வர்க்கமூலம் எடுத்தால் 3.34. எழுபதால் பெருக்கினால் 234. மூன்று மடங்கு 702. பையில் 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 195 கிராம். அதே குட்டி நாலு மாதம் தாண்டி 14 கிலோ ஆகும்போது கணக்கு 280 கிராம் பக்கம் வரும். எடை கூடின அளவுக்குத் தீனி கூடவில்லை, பாருங்கள். எடை மூன்று மடங்காகிவிட்டதே என்று தீனியையும் மூன்று மடங்காக்கிவிடுகிற வீடுகளில்தான் குட்டி உருண்டு திரண்டு நிற்கும்.

கப், கைப்பிடி எல்லாம் வேண்டாம். சமையல் தராசில் ஒரு தடவை நிறுத்து, அந்த அளவு எந்த டம்ளரில் எந்தக் கோடு வரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பை மாறினால் மறுபடியும் நிறுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனி உருண்டைக்கும் கனம் வேறு. நாலு மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. பொமரேனியன், ஷிவாவா மாதிரி பொடிக் குட்டிகள் நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடிவிடும். அவற்றுக்கு வேளை தவற விடாதீர்கள்.

கணக்கு சரியா என்று சொல்ல வேண்டியது குட்டியின் விலா. உங்கள் இடது கையை விரித்து நீட்டுங்கள். வலது கை விரல்களால் புறங்கையைத் தடவிப் பாருங்கள், மெல்லிய தோலுக்கு அடியில் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். குட்டியின் விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. இப்போது கையை முஷ்டியாக மடக்கி விரல் மூட்டுகளைத் தடவுங்கள். விலா அப்படிப் புடைத்திருந்தால் மெலிவு, கொஞ்சம் கூட்டுங்கள். உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரல் அடியில் உள்ள சதையை அமுக்குங்கள். விலா அப்படி மெத்தென்று இருந்தால் பத்தில் ஒரு பங்கு தீனியைக் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும். குளிர்காலத்தில் ரோமம் அடர்த்தியாகிவிடும், கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, கைதான் சொல்லும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்டக்கார நாய்களுக்கு மட்டும் விலா லேசாகக் கண்ணுக்கும் தெரியும், அது அவற்றின் வாகு.

கொழுகொழு குட்டிதான் ஆரோக்கியம் என்று இன்னமும் நினைக்கிறார்கள். பியூரினா கம்பெனி 48 லாப்ரடார்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2002ல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்குக் கால் பங்கு குறைத்தே ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். குறைத்துத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட 1.8 வருடம் அதிகம் வாழ்ந்தன. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாக வந்தது, குறைவாகவும் வந்தது. உணவு விற்கிற கம்பெனியே குறைத்துப் போடச் சொல்லும் முடிவை வெளியிட்டிருக்கிறது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். குட்டியைப் பட்டினி போடச் சொல்லவில்லை. விலா கையில் தட்டுப்படும்படி வளருங்கள் என்கிறேன்.

மலைக்கென்று சில விஷயங்கள்

குட்டியை நிறையப் பேர் கோயம்புத்தூரில் வாங்கி மேட்டுப்பாளையம் வழியாக மேலே கொண்டுவருகிறார்கள். கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குட்டிக்கு வயிறு புரளும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பொடி ரகமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கையில் வைத்திருந்து நடுவில் கொடுக்கலாம். அதைவிட முக்கியம், விற்றவரிடம் குட்டி என்ன தின்று பழகியிருக்கிறது என்று கேட்டு அதிலேயே ஒரு சின்னப் பை வாங்கி வாருங்கள். அம்மாவைப் பிரிந்து, மலை ஏறி, குளிரில் வந்து இறங்கும் குட்டிக்கு அன்றைக்கே புது உணவும் போட்டால் வயிறு நிச்சயம் கலங்கும். முதல் வாரம் பழையதே போகட்டும். அப்புறம் கால் பங்கு புதியது முக்கால் பங்கு பழையது, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிப் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுக்க என்று ஏழிலிருந்து பத்து நாளில் மாற்றுங்கள்.

இங்கே எப்போதும் ஒரு பத்து நாள் இருப்பு வீட்டில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரி வராது. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நேரம் பை தீர்ந்துபோய்க் கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்றை வாங்கித் திடீரென்று மாற்றினால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். வழி அடைபட்டிருக்கும்போது டாக்டரைப் பிடிப்பதும் கஷ்டம்.

இருப்பு வைக்கச் சொன்னேன் என்று பெரிய பை வாங்கிவிடாதீர்கள். நமக்கு முக்கிய எதிரி மூடுபனி. கதவைத் திறந்தால் உள்ளே வந்துவிடும். பிரித்த பை சில நாளில் நமுத்துப்போகும். நமுத்த உருண்டையை விரலால் அமுக்கினால் மொறுமொறுப்பாக உடையாமல் அழுந்தும். அதற்கப்புறம் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. மாட்டுத் தீவனம் விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வருகிற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும்; வேகவைத்தாலும் போகாது; பூஞ்சையைத் தட்டிவிட்டாலும் விஷம் அங்கேயே இருக்கும். நாய் உணவிலும் அதே மக்காச்சோளம்தான். சின்னக் குட்டியின் ஈரல் அதைத் தாங்காது.

அதனால் பிரித்த பை மூன்று, நாலு வாரத்துக்குள் தீரும்படி வாங்குங்கள். நாளுக்கு 200 கிராம் தின்கிற குட்டிக்கு 3 கிலோ பை இரண்டு வாரம் வரும். அதுதான் அளவு. பத்து கிலோ பையில் கிலோவுக்கு மிச்சமாகும் பணம், பாதிப் பை நமுத்துப்போனால் எங்கே மிச்சம்? உணவைப் பையோடு தகர டின்னில் வைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் நேராகக் கொட்டினால் பழைய எண்ணெய்ப் பிசுக்கு சுவரில் ஒட்டிக்கொண்டு புது உணவையும் சிக்கு வாடை அடிக்க வைக்கும். பையில் தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கிறது, பிரச்சினை வந்தால் அது வேண்டும். அடுப்படி ஓரம் காய்ந்த இடமாக இருந்தால் அங்கே வைக்கலாம், நேரடிச் சூடு படாமல்.

லூஸில் விற்பதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. திறந்த சாக்கிலிருந்து கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுப்பதில் எது பப்பி, எது பெரிய நாயுடையது என்று தெரியாது; தேதி தெரியாது; சாக்கு எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்றும் தெரியாது. கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள்தான் லூஸில் கேட்பார்கள். அவர்கள் குட்டிக்கு நமுத்ததைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கம்பெனியே போடுகிற நானூறு கிராம், ஐநூறு கிராம் பாக்கெட் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

சாப்பாட்டுக் கிண்ணத்தை வெளியே வைக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்குக் கதவையே உடைத்து உள்ளே வரும். நாய் உணவின் மேல் பூசியிருப்பதும் கொழுப்புதான். மீந்த தீனிக்கு எலி வரும், காட்டுப்பன்றி வரும். சிறுத்தைக்கு நாயே தீனி, அதிலும் குட்டி. வீட்டுக்குள் போட்டு, இருபது நிமிடம் பொறுத்து, மீந்ததை எடுத்துவிடுங்கள். சாயங்காலச் சாப்பாட்டை இருட்டுவதற்கு முன்பே முடித்தால், குட்டி ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதும் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும்.

மார்கழி, தை உறைபனி நாட்களில் குட்டி உடம்புச் சூட்டுக்காகவே நிறையச் செலவழிக்கும். அதற்காகத் தீனியை ஏற்றுவதற்கு முன்னால் குட்டியை உள்ளே கொண்டுவாருங்கள், சாக்கு விரித்துப் படுக்கை போடுங்கள். அப்புறமும் விலா மெலிந்தால் கொஞ்சம் கூட்டலாம். குளிரில் குட்டி தண்ணீரைத் தொடாது. ட்ரை ஃபுட்டில் ஈரம் மிகக் குறைவு என்பதால் இது முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், உணவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வைத்துக் கொடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஊறினால் வாசனை எழும்பும், பல் விழுகிற மாதங்களில் ஈறு வலிக்காமல் தின்னும். ஊறியது மீந்தால் அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். பால் ஊற்றி ஊற வைப்பது பலருக்கு வழக்கம். தாய்ப்பால் மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, கழியும்.

எது சாப்பாட்டுக் குற்றம், எது இல்லை

புது உணவு ஒத்துக்கொண்டதா என்று மலம் சொல்லும். கையுறை போட்டு எடுத்தால் உருவம் கலையாமல், தரையில் ஒட்டாமல் வர வேண்டும். நாலு வேளை தின்று ஏழெட்டு தடவை குவியல் குவியலாகப் போனால், ஒன்று அளவு அதிகம், அல்லது அந்த உணவில் செரிக்காதது அதிகம். முதலில் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் உணவைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தின்றும் வயிறு மட்டும் பானையாகி, முதுகு மெலிந்து, ரோமம் மங்கினால் குடற்புழுவாக இருக்கும். இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து ஆரம்பிக்க வேண்டும், எப்போது எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்வார். வாந்தியும் ரத்தம் கலந்த பேதியுமாகக் குட்டி சோர்ந்து படுத்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். “பெடிகிரி ஒத்துக்கலை போல” என்று வேறு பை வாங்க என் கடைக்கு வர வேண்டாம், நேராகக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

உணவோடு தெரியாமல் சேர்ந்துவிடுகிற சில பொருட்களும் இருக்கின்றன. சாம்பார், குழம்பு கலந்த சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கும்; இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹோம்மேட் சாக்லேட் நம் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, டூரிஸ்ட்டுகள் குட்டியைப் பார்த்ததும் ஆசையாக நீட்டுவார்கள். அதிலும் டார்க் சாக்லேட் மிக மோசம். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் இதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விலையைக் கடைசியில் பேசுவோம். கிலோ விலையைப் பார்க்காதீர்கள், நாள் விலையைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு பை கிலோ 200 ரூபாய், 100 கிராமில் 320 கிலோகலோரி. இன்னொன்று கிலோ 280 ரூபாய், 100 கிராமில் 400. நாளுக்கு 800 கிலோகலோரி வேண்டிய குட்டிக்கு முதலாவது 250 கிராம், 50 ரூபாய். இரண்டாவது 200 கிராம், 56 ரூபாய். கிலோவுக்கு 80 ரூபாய் வித்தியாசம் என்று தோன்றியது நாளுக்கு 6 ரூபாய்தான். கடையில் நின்றுகொண்டே இந்தக் கணக்கைப் போடுங்கள், நான் அவசரப்படுத்த மாட்டேன்.

பெரிய நாய் உணவுக்கு எப்போது மாறுவது என்பதும் முதல் கேள்வியைப் பொறுத்தது. சின்ன ரகம் பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில், நடுத்தரம் ஒரு வருடத்தில், லாப்பும் ஷெப்பர்டும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை வருடத்தில், ராட்சத ரகங்கள் ஒன்றரையிலிருந்து இரண்டு வருடத்தில். கருத்தடை செய்த பிறகு தீனித் தேவை குறையும், ஆனால் குட்டி வளர்ந்து முடியாமல் இருந்தால் பப்பி உணவிலேயே இருந்துகொண்டு அளவை மட்டும் விலா பார்த்துக் குறையுங்கள். மாற்றும்போது மறுபடியும் அதே கால், அரை, முக்கால் கணக்கில் பத்து நாள்.